பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்கு எடுக்கும் முறை: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு

காஷ்மீரின் குல்மர்க்குக்கோ, உத்தராகண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே உள்ள ஔலிக்கோ, இமாசலத்தில் மணாலியை அடுத்த சோலங்குக்கோ பனிச்சறுக்குப் பழகப் போகும் நம் பக்கத்துக் குடும்பங்கள், பயணச்சீட்டையும் விடுதியையும் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுகின்றன. காலில் மாட்டப்போகும் சாமானைப் பற்றி மட்டும் கடை வாசலில் நின்றுதான் யோசிக்கின்றன. பள்ளி விடுமுறை நாளில் அந்தக் கடைகளில் கூட்டம் நெரியும். கடைக்காரர் ஆளைப் பார்த்து உத்தேசமாக ஓர் அளவை எடுத்துக் கொடுப்பார். அதை மாட்டிக்கொண்டு புறப்பட்டால் அன்றைய பொழுது கால்வலியில் கழியும். ஆகவே வேலையைக் காரைக்குடியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

ஒரு சிட்டை எழுதிக்கொள்ளுங்கள். சறுக்கப் போகும் ஒவ்வொருவரின் வயது, எடை, உயரம், பாதத்தின் நீளம், தலையின் சுற்றளவு ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு, நாம் செருப்புக் கடையில் சொல்லும் ஏழு, எட்டு என்ற கணக்கில் வராது. பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில் எவ்வளவோ அதுவே அதன் அளவு. சமதளமான தரையில், ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பாக இருந்தாலும் சரி, குதிகால் சுவரில் படும்படி நின்று, மிக நீண்ட விரலின் நுனிவரை அளந்துகொள்ள வேண்டும். பகலெல்லாம் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் அளப்பது பொருத்தம். இரண்டு பாதங்களும் ஒரே நீளமாக இருப்பதில்லை. இரண்டையும் அளந்து, நீளமானதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் நேரம் குறைவாக இருந்தால், இருக்கும் நேரம் முழுவதையும் பூட்ஸுக்கே கொடுங்கள். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் நீண்ட சறுக்குப் பலகை இரண்டு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் புதிதாகப் பழகுபவருக்குத் தெரியப்போவதில்லை. பூட்ஸ் அரை அளவு பிசகினாலும் ஒவ்வொரு அடியிலும் தெரியும். முதலில் உள்ளே இருக்கும் மெத்தைக் காலுறையை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை நுழைத்து, விரல்கள் முன்பக்கத்தைத் தொடும்படி நிற்கச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு கைவிரல் அகலம் இடைவெளி இருந்தால் அது சரியான கூடு. அதற்கு மேல் இருந்தால் பெரிது. பிறகு மெத்தையைத் திரும்பப் பொருத்தி, கொக்கிகளை மாட்டி நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னுக்கு மடக்கினால் விரல்கள் விலகி, குதிகால் எழும்பாமல் அப்படியே இருக்க வேண்டும். அதே நிலையில் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நில்லுங்கள். கெண்டைக்காலையும் கணுக்காலையும் சுற்றி ஒரே சீராக இறுகப் பிடித்திருப்பது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் குத்தினாலோ விரல் மரத்தாலோ வேறொன்று கேளுங்கள். வருடம் முழுவதும் செருப்பிலேயே பழகிய பாதம் முன்பக்கம் அகன்றிருப்பதால், அகலமான வார்ப்பு உள்ள பூட்ஸ் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். பூட்ஸின் விறைப்பைக் குறிக்கும் எண் ஒன்றும் அதன் மேல் இருக்கும். புதியவருக்கு அந்த எண் குறைவாக இருப்பதே நல்லது.

குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் வழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். காலுறை கூடக்கூட இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு, கால் முன்னிலும் குளிரும். முழங்கால்வரை வரும் மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும். பருத்திக் காலுறை வேர்வையை உறிஞ்சி ஈரமாகிவிடும். பூட்ஸுக்குள் காலுறையைத் தவிர வேறெதுவும், கால்சட்டையின் ஓரம்கூட, போகக் கூடாது. பெண்கள் மெட்டியையும் கொலுசையும் கழற்ற வேண்டியிருக்கும். மெட்டியைக் கழற்றுவது சில வீடுகளில் சிறு விவாதமாகக்கூடிய செய்தி. அதை அங்கே கடையில் வைத்துக்கொள்ளாமல் இங்கே வீட்டிலேயே அப்பத்தாவிடம் பேசி முடித்துக்கொள்ளலாம். இறுகிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் விரலோடு விரலாக நெரியும் வெள்ளி வளையம் ஒரு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

பிள்ளைகளுக்கு, “வளர்கிற பிள்ளை, ஒரு அளவு கூடவே இருக்கட்டும்” என்று எடுப்பது நம் பெற்றோரிடம் ஊறிய பழக்கம். பள்ளிக்கூட ஷூவுக்கு அது சரி. நான்கு நாளில் திருப்பிக் கொடுக்கும் வாடகைப் பூட்ஸுக்கு அதில் பொருளே இல்லை. பெரிய பூட்ஸுக்குள் கால் திரும்பினாலும் பலகை திரும்பாது. பிள்ளை தனக்கு வரவில்லை என்று நினைத்து அழும். கொக்கி குறைவான, எளிதில் மாட்டக்கூடிய சிறுவர் பூட்ஸைக் கேட்டு வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கையில் ஊன்றும் சறுக்குக் குச்சி தேவையில்லை; முதல் நாட்களில் அது இடைஞ்சலாகவே இருக்கும்.

பலகையைத் தேர்வது எளிது. பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் பெரியவருக்கு முகவாய்க்கும் மூக்குக்கும் இடையிலும், பிள்ளைக்கு மார்புக்கும் முகவாய்க்கும் இடையிலும் அதன் நுனி வர வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 140 முதல் 150 வரை என்று வைத்துக்கொள்ளலாம். குட்டையான பலகை திரும்ப எளிது. அடிப்பாகத்தில் ஆழமான கீறல் இல்லையா, ஓர இரும்பு துருப்பிடித்து உரிந்திருக்கவில்லையா என்று விரலைக் கவனமாக வைத்துப் பாருங்கள். பெயர் பெற்ற கம்பெனியா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. குச்சியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நுனியருகே உள்ள வளையத்துக்குக் கீழே கையை வைத்தால் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும்.

பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பைண்டிங் என்னும் பூட்டு, விழும்போது தானே விடுபட்டுக் காலைக் காப்பாற்றுவது. எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பழக்கம், பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றைக் கொண்டு ஓர் அட்டவணையில் பார்த்து, கடையில் உள்ள தேர்ந்தவர் முறுக்கி வைப்பார். பத்து வயதுக்கு உட்பட்டவருக்கும் ஐம்பதும் அதற்கு மேலும் ஆனவருக்கும் விசையைக் குறைத்து வைப்பது முறை. ஆகவே எடையைக் கூசாமல் சரியாகச் சொல்ல வேண்டும். உறவினர் சுற்றி நிற்கச் சொல்லத் தயக்கமானால் சிட்டையை நீட்டிவிடலாம். குறைத்துச் சொன்னால் பலகை நடுவழியில் கழன்றுகொள்ளும். கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகும். பழக்கம் என்ற இடத்தில் “புதியவர்” என்றே எழுதச் சொல்லுங்கள், ஊரில் எவ்வளவு விளையாட்டு வீரராக இருந்தாலும். பூட்ஸை மாற்றினால் இந்த அளவையும் மறுபடி வைக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பலகையை மாற்றிக்கொள்வது அதனாலேயே ஆகாது.

தலைக்கவசத்தைப் பட்டி மாட்டாமல் தலையை ஆட்டிப் பார்த்தால் அது தலையோடு சேர்ந்து அசைய வேண்டும். கொண்டை போட்டால் கவசம் உட்காராது; கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். விரிசல் கண்டதைத் தொடாதீர்கள். கையுறையையும் காலுறையையும் சொந்தமாக வாங்கிச் செல்வதே மேல். பிறர் நனைத்ததை மாட்டிக்கொள்ள யாருக்கும் மனம் வராது. குல்மர்க் செல்லும் வழியில் வாடகைக்குக் கொடுக்கும் ரப்பர் பூட்ஸ் பனியில் நடக்க மட்டுமே. சறுக்கவென்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் சாமான் எடுக்க வேண்டும் என்றில்லை. குல்மர்க்கில் ஐயாவும் அப்பத்தாவும் கோண்டோலா கயிற்றூர்தியின் முதல் கட்டமான கொங்டூரிவரை போய் வரலாம். மற்றவர்களும் முதல் நாளுக்கு மட்டும் வாடகை பேசுங்கள். அளவு சரியில்லாவிட்டால் மறுநாள் கூடுதல் கட்டணமின்றி மாற்றித் தருவார்களா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் முன்னிலையிலேயே படம் எடுத்து வையுங்கள். இரவில் பூட்ஸை அறைக்குள் வைத்து, கொக்கிகளைத் தளர்வாக மாட்டி, மெத்தை உலர விடுங்கள்; ஆனால் ஹீட்டரை ஒட்டி வைக்க வேண்டாம்.