பட்டை மங்கினால் புரதம் சிதைந்ததா? ஹெர்பிஸ் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்கென்று இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கோ பேராதனைக்கோ போகிறார்கள். கையில் சில கிழமை ஆய்வுகூட நேரமும் ஒரு குப்பி பிறபொருளெதிரியும்தான். வருடா வருடம் விழுவதும் ஒரே குழியில். கையுறை, லேபல் பற்றி இங்கே பேச்சில்லை.

கொப்புளிப்பான் வந்த வீட்டில் வேப்பிலை கட்டி, அம்மாள் இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் வார்ப்போம். வைரசு இறங்குவதில்லை. நரம்புத்திரட்டில் கிடந்து, வயது போன காலத்தில் அக்கியாக எழும்பும். அதன் உறவுக்கார வைரசான எச்எஸ்வி-1 (ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரசு-1) முக்கிளை நரம்பின் திரட்டில் கிடக்கிறது. பிஎம்எல் போன்ற கலப்புரதங்கள் அதன் டிஎன்ஏயை அமுக்கி வைக்கப் பார்க்கும். வைரசின் ஐசிபி0 புரதம் அவற்றில் யுபிகுயிட்டின் என்ற சிறு புரத அடையாளத்தை ஒட்டி, கலத்தின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரொட்டியசோமுக்கு அனுப்புகிறது. வீட்டுக் காவலாளியை அந்த வீட்டுக் குப்பை வண்டியிலேயே ஏற்றி அனுப்புகிற வேலை.

பட்டை மங்கியது, ஆகவே சிதைக்கப்பட்டது

நேரத்தையும் காசையும் அதிகம் தின்பது இதுதான். பிறபொருளெதிரியால் ஒரு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் புளொட்டில் தொற்றிய கலத்தின் பட்டை மங்கலாக வரும். உடனே "ஐசிபி0 இதைச் சிதைக்கிறது" என்று ஸ்லைட் தயாராகிவிடும்.

எச்எஸ்வி-1 தன் துணிக்கைக்குள்ளேயே யுஎல்41 என்ற புரதத்தைக் கொண்டு வருகிறது. அது புரதம் செய்யத் தேவையான கலத்தின் செய்தி மூலக்கூறுகளை (எம்ஆர்என்ஏ) வெட்டித் தள்ளும். ஆயுள் குறைந்த புரதமென்றால், யாரும் சிதைக்காமலே சில மணித்தியாலத்தில் பட்டை மங்கிவிடும். ஆகவே ஒரே தட்டின் கலங்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் எம்ஆர்என்ஏ அளவைப் பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால் யுஎல்41 நீக்கிய வைரசால் மறுபடி செய்ய வேண்டும்.

அடுத்த சறுக்கல் சைக்ளோஹெக்சிமைட். புதுப் புரத உற்பத்தியை நிறுத்திவிட்டு, பழையது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் வைரசோடு சேர்த்தே மருந்தையும் ஊற்றினால் ஐசிபி0வும் உற்பத்தியாகாது. தொற்றி 2 மணித்தியாலம் கழித்து, மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் சேர்த்து, 0, 1, 2, 4 மணியில் கலங்களை எடுங்கள். தொற்றாத கலத்துக்கும் அதே மருந்து, அதே நேரங்கள்.

பிறகு எம்ஜி132. இந்தப் புரொட்டியசோம் நிரோதியைப் போட்டுப் பட்டை திரும்பி வந்தால் நிரூபணம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்கு அப்படித்தான் அழகாகத் திரும்பி வந்தது. மருந்தை வைரசுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போட்டிருந்தாள். உள்ளே வந்த வைரசுக் கூடு கருவரைக்கும் போவதற்கே புரொட்டியசோமின் வேலை தேவை. வைரசே போய்ச் சேரவில்லை, காவலாளி அசையாமல் நின்றான், அவ்வளவுதான். அதே சவ்வில் ஐசிபி0வைப் பார்த்திருந்தால் அதற்குப் பட்டையே இல்லையென்று தெரிந்திருக்கும். கண்டுபிடித்தபோது குப்பியில் மிச்சம் 5 மைக்ரோலீற்றர்.

எம்ஜி132ஐத் தொற்றி 1 முதல் 2 மணித்தியாலம் கழித்து, 10 மைக்ரோமோலரில் சேருங்கள். நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் விடவேண்டாம், கலம் தானாகவே நெருக்கடியில் விழும். இது கல்பெயின், கத்தெப்சின் நொதியங்களையும் தடுக்கும் என்பதால் போர்ட்டெசோமிப் என்ற வேறொரு புரொட்டியசோம் நிரோதியாலும் ஒரு தடவை செய்துபாருங்கள்.

இத்தனையும் சரியாக வந்தாலும் ஐசிபி0தான் செய்தது என்று சொல்ல, அதன் 116ஆம், 156ஆம் சிஸ்டைன்களை மாற்றிய விகாரி தேவை. யுபிகுயிட்டினை ஒட்டும் (லிகேஸ்) வேலை அதற்கு இல்லை. அதிலும் பட்டை மங்கினால் குற்றவாளி வேறு ஆள்.

புரொட்டியசோம் என்றால் யுபிகுயிட்டின்தான்

இல்லை. இன்னொரு ஹெர்பிஸ் வைரசான சைட்டோமெகலோ வைரசின் பிபி71 புரதம், டாக்ஸ் என்ற கலப்புரதத்தை யுபிகுயிட்டின் இல்லாமலே புரொட்டியசோமால் சிதைக்கிறது.

யு2ஓஎஸ் கலத்தில் விகாரியைச் சோதிப்பது

மனித எலும்புப் புற்றிலிருந்து வந்த அந்தக் கலத்தில் ஐசிபி0 இல்லாத வைரசும் நன்றாக வளரும். வேண்டாம்.

வைரசை அள்ளி ஊற்றுவது

கலத்துக்கு 10 வைரசு போட்டால் ஐசிபி0வின் தேவையே மறைந்துவிடும். மனித நார்க்கலத்தில் 0.1க்குக் கீழே தொடங்குங்கள்.

ஐசிபி0தான் வைரசை எழுப்புகிறது என்று எழுதுவது

நார்க்கலத்துப் பெறுபேற்றை நரம்புக்கலத்தின் தலையில் கட்டுவதால் வருகிற பிழை. வளர்ப்பு நரம்புக்கலங்களை வைரசுப் பெருக்கத்தைத் தடுக்கும் அசைக்கிளோவிரோடு வைத்து வைரசை உறங்கவிட்டு, மருந்தை எடுத்தபின் உறக்கத்தைக் கலைக்கும் எல்ஒய்294002 என்ற மருந்தை 20 மைக்ரோமோலரில் கொடுத்தால் ஏறத்தாழ 20 மணித்தியாலத்தில் முதல் அலை எழும்பும். எல்லா வகைப் பரம்பரையலகுகளும் ஒன்றாக எழும்பும், அதற்கு வைரசுப் புரதம் எதுவும் தேவையில்லை. முழு விழிப்பு 48 மணியளவில். 6 மணியிலும் 72 மணியிலும் மட்டும் மாதிரி எடுத்தவர் முதல் அலையைக் காணவே மாட்டார்.

யுஎஸ்பி7ஐ எதிரிப் பட்டியலில் சேர்ப்பது

கலத்தின் இந்தப் புரதம் யுபிகுயிட்டினைக் கழற்றுவது. ஐசிபி0 தன்னைத்தானே குறிவைத்துச் சிதையாமல் காப்பதும் இதுவே. ஆனால் ஐசிபி0 யுஎஸ்பி7ஐயும் சிதைக்கக்கூடியது. ஒரே நேரப்புள்ளியை மட்டும் பார்த்து நண்பனா, பகையா என்று தீர்ப்பெழுத முடியாது.

என்ஈஎம் மறப்பது

யுபிகுயிட்டின் சங்கிலியைப் பார்க்க வேண்டுமென்றால், அதைக் கழற்றும் நொதியங்களைத் தடுக்கும் என்ஈஎம் (என்-எதைல்மலிமைட்) கல உடைப்புக் கரைசலில் 10 மில்லிமோலர் வேண்டும். எதனோலில் அன்றன்றைக்குக் கரையுங்கள். டிடிரி என்ற தாழ்த்தும் பொருள் இருக்கிற கரைசலில் போட்டால் வீண்.