போஞ்சி வறை: செய்யும் முறையும் தட்டில் வரும் சத்துக் கணக்கும்

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மரக்கறிதான். அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு, "மரக்கறியைக் கூட்டுங்கோ, சோற்றைக் குறையுங்கோ" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். அம்மாவும் போஞ்சியைக் கூட்டினார். கூடவே முதல்பாலையும் கூட்டிவிட்டார். பால்கறி அருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தச் சட்டியில் இருந்த கலோரியில் பெரும்பங்கு தேங்காயுடையது.

அந்தக் கணக்கையும், இப்போது நாங்கள் செய்கிற வறையையும் இங்கே எழுதுகிறேன். அடுப்புப் பக்கமே போகாதவர்களும் செய்யலாம். அரை மணித்தியாலம் போதும்.

போஞ்சி என்பது இந்தியாவில் பீன்ஸ் என்று சொல்கிற அதே காய்தான். ஒல்லாந்தர் மொழியில் 'போன்ச்யே' என்றால் சிறிய அவரை. சொல் அங்கிருந்து வந்து எங்கள் சந்தையில் தங்கிவிட்டது. எங்கள் திருகோணமலையில் கோட்டையை விட்டுப் போனவர்கள் இதையும் விட்டுப் போயிருக்கிறார்கள்.

அவித்த போஞ்சியில் என்ன இருக்கிறது?

100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 35 கிலோகலோரி. மாப்பொருள் 8 கிராம், நார்ச்சத்து 3 கிராமுக்குச் சற்று மேல், புரதம் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். விற்றமின் சி 10 மில்லிகிராம் அளவில் இருக்கும். விற்றமின் கே ஏறக்குறைய 48 மைக்ரோகிராம். வளர்ந்த ஒருவரின் நாள் தேவையில் இது பாதிக்குக் கிட்ட வரும். போலேற்று, பொற்றாசியம், மக்னீசியம், கொஞ்சம் கல்சியம், கொஞ்சம் இரும்பு என்று மற்றவையும் உண்டு.

உண்மையைச் சொன்னால் இது அதிசய மரக்கறி இல்லை. புரதத்துக்குப் பருப்பும் மீனும் வேண்டும். இரும்புக்குக் கீரை, கருவாடு, நெத்தலி என்று வேறு வழி பார்க்க வேண்டும். போஞ்சியின் கெட்டித்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாப்பொருள், 130 கிலோகலோரி. அதே எடை போஞ்சியில் அதில் நாலில் ஒரு பங்குதான். இரண்டு கரண்டி சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் போஞ்சியால் நிரப்பினால் வயிறு ஏமாறாது, சாப்பிட்ட பின் இரத்தத்தில் சீனி ஏறுவதும் குறையும். நார்ச்சத்து மலச்சிக்கலுக்கும் உதவும். நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறார்கள். தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் மீனுமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது எளிதில் சேராது.

1. வாங்குவது

போஞ்சிக்குக் குளிர் வேண்டும். எங்கள் வெயிலுக்குப் பூ உதிர்ந்துவிடும். அதனால் திருகோணமலைக்கு வருவதில் பெரும்பாலானது வெலிமடை, பண்டாரவளை, நுவரெலியாப் பக்கம் விளைந்தது. தம்புள்ளையில் கைமாறி, ஹபரணை, கந்தளாய் தாண்டி லொறியில் வந்து சேரும்போது களைத்துப்போயிருக்கும். எனவே காலையிலேயே போய், ஒன்றை எடுத்து முறித்துப் பாருங்கள். 'டக்' என்று முறிந்தால் வாங்கலாம். வளைந்து கொடுத்தால் விட்டுவிடுங்கள். வெளியே விதை புடைத்துத் தெரிவது முற்றல். எவ்வளவு அவித்தாலும் நார் நாராக இருக்கும்.

இரண்டு பேருக்குக் கால் கிலோ. நல்லது கிடைக்காத நாளில் பயற்றங்காய் வாங்குங்கள். அது வேறு செடி, எங்கள் சூட்டிலும் காய்க்கும். சத்தில் போஞ்சிக்குக் குறைந்தது இல்லை.

2. கழுவி முறிப்பது

முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய பின் தண்ணீரில் ஊறப் போட்டால் விற்றமின் சியும் போலேற்றும் கரைந்து போகும். இரண்டு நுனியையும் கிள்ளி, நார் வந்தால் இழுத்து எறிந்துவிட்டு, ஓர் அங்குலத் துண்டுகளாக முறியுங்கள். அம்மா மெல்லிய சீவலாக அரிவார். பார்க்க அழகுதான், ஆனால் வெட்டுவாய் கூடக் கூடச் சத்து வெளியேறும் வழியும் கூடும். கால் கிலோவில் கழிவு போக 220 கிராம் அளவு மிஞ்சும். (நுனிகளைத் தெருவில் வீசாதீர்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் கடைவாசல் வரை வந்து குப்பையைக் கிளறப் பழகிவிட்டன. மரக்கறியோடு ஷொப்பிங் பையையும் சேர்த்து விழுங்குகின்றன.)

3. அவிப்பது

எல்லாமே கெடுவதும் நல்லபடி வருவதும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

சட்டி நிறையத் தண்ணீர் வைத்து அவித்து, அந்தப் பச்சைத் தண்ணீரை வடித்து ஊற்றுவது பழக்கம். ஊற்றுவது வெறும் தண்ணீர் இல்லை, கரைந்த சத்தும் சேர்ந்துதான் போகிறது. அதற்குப் பதில் தாச்சியில் அரைக் கப் தண்ணீரைக் கொதிக்க வைத்து, போஞ்சியையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் போடுங்கள். இரண்டு நிமிடம் மூடாமல் கிளறி, பிறகு மூடி, நடுத்தர நெருப்பில் இன்னும் எட்டு நிமிடம் விடுங்கள். தண்ணீர் முன்னரே வற்றினால் ஒரு மேசைக்கரண்டி தெளியுங்கள். கடைசியில் தண்ணீர் போஞ்சியிலேயே வற்றியிருக்க வேண்டும்.

பத்து நிமிடத்துக்குக் குறைக்க வேண்டாம். அவரை இனக் காய்களில் லெக்டின் என்றொரு பொருள் உண்டு. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நிறையச் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும், வாந்தியும் வரலாம். நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். அதற்காக அரை மணித்தியாலம் போட்டுக் குழைக்கவும் தேவையில்லை.

நான் முதல்முறை செய்தபோது தேசிக்காயைத் தொடக்கத்திலேயே பிழிந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் போஞ்சி பொலிஸ் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. புளிப்புப் பட்டால் பச்சையம் பழுப்பாக மாறும். பச்சை நிறம் நிற்க அப்பச்சோடா போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறம் நிற்கும், ஆனால் விற்றமின் சி கூடுதலாக அழியும், காயும் களியாகிவிடும். வேண்டாம்.

4. தாளிப்பது

வேறு தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். கடுகு வெடித்ததும் இரண்டு செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, இரண்டு பல் உள்ளி, ஐந்தாறு சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் ஒரு சிட்டிகை மஞ்சள், அவித்த போஞ்சி, 20 கிராம் (நாலு மேசைக்கரண்டி அளவு) தேங்காய்ப்பூ. இரண்டு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். தேசிக்காயை இப்போது பிழியுங்கள். அதிலுள்ள விற்றமின் சி, போஞ்சியின் இரும்பை உடல் உறிஞ்ச உதவும்.

தேங்காயை முழுதாக விடச் சொல்லவில்லை. விற்றமின் கேயும் கரோட்டினும் கொழுப்போடு சேர்ந்தால்தான் ஒழுங்காக உடலில் சேரும். அதற்கு இந்த அளவே தாராளம்.

5. கணக்கு

போஞ்சி 75, தேங்காய்ப்பூ 70, எண்ணெய் 45, வெங்காயம் 20. மொத்தம் 210 கிலோகலோரி, ஒருவருக்கு 105. நார்ச்சத்து ஒருவருக்கு மூன்றரைக் கிராமுக்குக் குறையாது.

பால்கறி என்றால்? அரைக் கப் முதல்பாலில் மட்டும் 270 கிலோகலோரிக்குக் கிட்ட இருக்கிறது. அதாவது போஞ்சியைப் போல மூன்றரை மடங்கு.

யார் கவனிக்க வேண்டும்?

இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் குளிசை எடுப்பவர்கள் போஞ்சியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கிழமை நிறைய, மறு கிழமை ஒன்றுமில்லை என்று சாப்பிடக் கூடாது. விற்றமின் கேயின் அளவு ஏறி இறங்கினால் மருந்தின் வேலையும் ஏறி இறங்கும். சிறுநீரக வருத்தத்துக்காகப் பொற்றாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் நான் மேலே சொன்னது தலைகீழ்: நிறையத் தண்ணீரில் அவித்து வடித்து ஊற்றுங்கள், அளவை டொக்டரிடம் கேளுங்கள்.

மத்தியானம் செய்ததை இரவுக்கு வைப்பதென்றால் பிரிட்ஜில் வையுங்கள். எங்கள் புழுக்கத்தில் தேங்காய்ப்பூ சேர்ந்த கறி பின்னேரமே மணக்கத் தொடங்கிவிடும்.

அம்மா இன்னும் முழுதாக இறங்கி வரவில்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பால்கறிதான் என்று பேசி முடித்திருக்கிறோம், அதுவும் கப்பிப்பாலில் (முதல்பால் எடுத்த பிறகு பிழிகிற தண்ணிப்பால்). கடைசியில் நான் பார்க்காத நேரம் இரண்டு கரண்டி முதல்பால் விழுகிறது என்று நினைக்கிறேன். கறியைப் பார்த்தாலே தெரிகிறது.