பழைய போர்டோ ரெட் ஒயின்: ருசிக்கறதும் காசு போடறதும்

பிரான்ஸ்ல போர்டோ பகுதில செய்யற பழைய ஒயின்ல காசு போடலாமான்னு கேக்கறவங்க பெரும்பாலும் தோட்டத்துப் பேரைத்தான் கேப்பாங்க, லாஃபிட் வாங்கலாமா லாதூர் வாங்கலாமான்னு. என்னைக் கேட்டா பேரு ரெண்டாம்பட்சம். அந்த பாட்டில் இத்தனை வருஷம் எங்க படுத்துக் கெடந்துச்சு, எந்தச் சூட்டுல கெடந்துச்சு, இதத்தான் முதல்ல விசாரிக்கணும். குடிக்க வாங்கினாலும் விக்க வாங்கினாலும் இதேதான்.

நான் இதை ஒரு பாட்டிலை இழந்துதான் கத்துக்கிட்டேன். ஆசையா வாங்கின 1990 அறுவடை பாட்டில், ஹால் அலமாரில நிக்க வச்சு ரெண்டு கோடை போயிடுச்சு, தொறந்து பாத்தா உலர்திராட்சைய வேகவச்ச வாசனை மட்டும்தான், வேற ஒண்ணுமே இல்ல. இருவது வருஷத்துக்கு மேல யாரோ பத்திரமா வச்சிருந்தத ரெண்டு கோடைல கெடுத்துட்டேனேன்னு இன்னிக்கும் வருத்தமா இருக்கு. வைக்கற இடம் 12, 13 டிகிரில இருக்கணும், வெளிச்சம் படக்கூடாது, அதிர்வு கூடாது, காத்துல கொஞ்சம் ஈரம் இருக்கணும், பாட்டில் படுத்தே இருக்கணும், ஏன்னா கார்க் காஞ்சா சுருங்கி காத்து உள்ள போயிடும்.

ஏன் இவ்ளோ பாதுகாப்புன்னா உள்ள மெதுவா ஒரு வேலை நடந்துக்கிட்டே இருக்கு. ஜிரோந்த் ஆத்தோட இடது கரைல, மெடாக் பக்கம், கேபர்னே சாவிஞோன் திராட்சைதான் முக்கியம், தோல் தடிமன், அதனால டானின் ஜாஸ்தி. டானின்னா வேற ஒண்ணும் இல்ல, ரொம்ப நேரம் கொதிச்ச கட்டன் டீ நாக்கைப் பிடிக்குமே அந்தத் துவர்ப்பு. வருஷம் போகப்போக இந்த டானின் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகி, நிறத்தையும் கொஞ்சம் இழுத்துக்கிட்டு மண்டியா அடில தங்கிடும், துவர்ப்பு அடங்கிடும், ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு வரும், பழ வாசனை பின்னால போயி தேவதாரு மரம், புகையிலை, தோல், காளான், மழைல நனைஞ்ச சருகுன்னு ஒவ்வொண்ணா எட்டிப்பாக்கும். வலது கரைன்னு சொல்ற டோர்டோன் ஆத்துப் பக்கம், செயின்ட் எமிலியோன், பொமரோல்ல மெர்லோ திராட்சை அதிகம், அது இன்னும் மிருதுவா இருக்கும். ஆனா எல்லா போர்டோவும் இப்படி வயசாகாது, சாதாரணத சில வருஷத்துலயே குடிச்சு முடிச்சிடணும்.

தொறக்கற முறை. ஒரு நாள் முன்னாடியே பாட்டிலை நிமித்தி வச்சிடுங்க, மண்டி கீழ போகட்டும். 16லேருந்து 18 டிகிரி போதும். பழைய கார்க் பொடிஞ்சு போகும், அதனால ரெண்டு மெல்லிசு தகடு கார்க்குக்கு ரெண்டு பக்கமும் எறங்கற ஓப்பனர் வாங்கிக்கோங்க. டிகாண்டர்ல, அதாவது ஒயின் ஊத்தி வைக்கற கண்ணாடி ஜாடில ஊத்தறப்ப கழுத்துக்குக் கீழ ஒரு மெழுகுவத்தியோ போன் டார்ச்சோ வச்சு பாத்துக்கிட்டே நிதானமா ஊத்தணும், மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திடணும். முப்பது வருஷ ஒயின மணிக்கணக்கா காத்துல விடாதீங்க, இளசுக்குத்தான் அது, வயசானது சீக்கிரம் அடங்கிடும். முதல்ல மோந்து பாருங்க, நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வந்தா கார்க் கெட்டுப்போச்சு, ஒண்ணும் பண்ண முடியாது. நல்லா இருந்தா ஒரு சின்ன வாய், நாக்கு முழுக்க சுத்தவிட்டு, முழுங்கினப்பறம் எவ்ளோ நேரம் ருசி நிக்குதுன்னு கவனிங்க. கால் மணி நேரம் கழிச்சு அதே கிளாஸை மறுபடி எடுங்க, வேற வாசனை வந்திருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த இடம்தான். கூட சாப்பிட வறுத்த ஆட்டுக்கறி நல்லா சேரும், காரம் மட்டும் வேண்டாம், காரம் துவர்ப்பத் தூக்கிவிட்டு மத்ததெல்லாம் மறைச்சிடும்.

இப்ப காசு விஷயம். 1855ல பாரிஸ் பொருட்காட்சிக்காக ஒயின் தரகர்கள் மெடாக் ஷாத்தோக்கள, அதாவது ஒயின் தோட்டங்கள, அஞ்சு தரமா பிரிச்சாங்க, அன்னிக்கு வித்த விலைய வச்சுத்தான் பிரிச்சாங்க. முதல் தரத்துல லாஃபிட், லாதூர், மார்கோ, மெடாக்குக்கு வெளிய கிராவ்லேருந்து ஓ-பிரியான், அப்பறம் 1973ல மூட்டான் ரோத்ஷில்ட். பேர்போன பெட்ரூஸ் தோட்டம் இந்தப் பட்டியல்லயே கெடையாது, அது வலது கரை. ஆரம்பிக்கறவங்க நேரா முதல் தரத்துக்குப் போகவேண்டாம்னு சொல்லுவேன், லேயோவில் பார்தோன், லின்ஷ் பாஜ் மாதிரி ஷாத்தோல நல்ல வருஷமா பாத்து எடுங்க. 1982, 1990, 2000, 2005, 2009, 2010, 2016 எல்லாம் பேர் எடுத்த வருஷங்கள், 2013 ரொம்ப சுமார்.

வாங்க ரெண்டு வழி. ஒண்ணு, பீப்பாய்ல இருக்கறப்பவே அறுவடைக்கு அடுத்த வசந்தத்துல காசு கட்டி ரெண்டு வருஷம் கழிச்சு பாட்டிலா வாங்கறது, லாதூர் 2012ல இதுலேருந்து வெளிய வந்துடுச்சு. இன்னொண்ணு, வயசான சரக்க வியாபாரிகிட்டயோ ஏலத்துலயோ எடுக்கறது. இதுல கவனம் வேணும். மர கேஸ் பிரிக்காம இருக்கா, ஷாத்தோலேருந்து இப்ப வரைக்கும் பில் வரிசையா இருக்கா, வெளிய எடுக்கற வரைக்கும் வரி கட்டவேண்டாத பாண்டட் கிடங்குலயே இருந்துச்சா, பாருங்க. பாட்டில்ல ஒயின் மட்டம் கழுத்தடில இருந்தா நல்லது, தோள்பட்டை மேல் விளிம்புன்னா நாப்பது வருஷத்துக்குச் சகஜம், தோள்பட்டைக்குக் கீழ எறங்கிட்டா தொடாதீங்க.

போலிய லேசா நெனைக்காதீங்க. பிரான்ஸோட இன்னொரு ஒயின் பகுதி பர்கண்டி, அங்க ஒயின் செய்யற பொன்ஸோ குடும்பத்துப் பேர்ல 2008ல நியூயார்க் ஏலத்துக்கு வந்த க்ளோ செயின்ட் டெனி தோட்டத்துப் பாட்டில்கள்ல பல பழைய வருஷங்கள் போட்டிருந்துச்சு, ஆனா அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்து ஒயின 1980கள்லதான் போடவே ஆரம்பிச்சிருந்தாங்க, லொரான் பொன்ஸோ நேர்ல போய் நிறுத்தினாரு. அத ஏலத்துக்கு அனுப்பின போலி ஒயின் வியாபாரி ரூடி குர்னியவானுக்கு 2014ல பத்து வருஷம் ஜெயில். பர்கண்டி கதைதான், ஆனா போர்டோவுக்கும் அப்படியே பொருந்தும்.

விலையும் ஏறிக்கிட்டேதான் போகும்னு நெனைக்காதீங்க. 2008ல ஹாங்காங் ஒயின் வரிய எடுத்துச்சு, சீனாவுல லாஃபிட் மோகம், 2008 லாஃபிட் பாட்டில்ல அங்க ராசியான எட்டுங்கற எண்ணைச் சீன எழுத்துல போடறாங்கன்னதும் விலை பறந்துச்சு, 2011க்கு அப்பறம் நல்லா எறங்கிடுச்சு. வச்சிருக்கற காலம் முழுக்க வட்டியும் வராது டிவிடெண்டும் வராது, கிடங்கு வாடகை, இன்சூரன்ஸ், விக்கறப்ப கமிஷன் எல்லாம் உங்க கைலேருந்துதான், அதனால பத்து வருஷம் தொடாம இருக்க முடியற காசு மட்டும் போடுங்க. லண்டன்ல இருக்கற லிவ்-எக்ஸ்ங்கற ஒயின் சந்தை விலைய வச்சு ஒப்பிட்டுப் பாக்காம யார் சொல்ற விலையும் ஒத்துக்காதீங்க.

என் வழி என்னன்னா ஒரே ஒயின்ல ஆறு பாட்டில் கேஸ் ரெண்டு எடுப்பேன். ஒண்ணு பிரிக்காம கிடங்குலயே இருக்கும், கேஸ் பிரிச்சா விலை கொறையும். இன்னொண்ணு குடிக்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு பாட்டில், தேதி போட்டு நிறம் வாசனை துவர்ப்பு எல்லாம் நோட்டுல எழுதி வைப்பேன். துவர்ப்பு போய் பழமும் மெலிய ஆரம்பிக்குதுன்னு எழுதற வருஷம் கிடங்குக்கு போன் போட்டு அந்தக் கேஸை விலைக்கு விட்டுடுவேன்.