மாடிப்படிக்கு கார்பெட்: பார்த்து வாங்குவதும் நாமே பதிப்பதும்

லண்டனில் ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் மாடிப்படி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒடுக்கமாக, செங்குத்தாக, மரத்தில். ராத்திரி ஒருவர் தண்ணீர் குடிக்க இறங்கினால் வீடே விழித்துக்கொள்ளும். வெறும் மரத்தில் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். கார்பெட் போட்டுவிட்டால் சத்தம் அடங்கும், வழுக்கல் குறையும், ஜனவரிக் குளிரிலும் வெறுங்காலோடு ஏறி இறங்கலாம்.

முதல் தடவை செய்பவர்களுக்கு என் யோசனை: படி நேராக ஏறுவதாக இருந்தால் மட்டும் நீங்களே செய்யுங்கள். அதிலும் சுவருக்குச் சுவர் முழு அகலம் வேண்டாம், நடுவில் மட்டும் ஓடும் ரன்னர் போடுங்கள். ரன்னரின் இரண்டு ஓரமும் தைத்தே வருவதால் பக்கவாட்டில் வெட்டுகிற வேலையே இல்லை. படி பாதியில் திரும்பி, விசிறி போல முக்கோணப் பலகைகள் வந்தால் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து வெட்ட வேண்டும். அதற்கு அனுபவமுள்ள ஃபிட்டரைக் கூப்பிடுவதே நல்லது. வாடகை வீடு என்றால் ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

ஹால் கார்பெட்டும் படிக் கார்பெட்டும் ஒன்றல்ல. ஹாலில் நம் எடை பரவலாக விழுகிறது. படியில் இறங்கும்போது ஒவ்வொரு அடியும் பலகையின் முன்முனையிலேயே விழுகிறது. அந்த முனையில்தான் கார்பெட் மடிந்து வளைகிறது, அங்கேதான் முதலில் தேய்கிறது. ஆகவே வாங்கும்போதும் பதிக்கும்போதும் கண் அந்த முனையிலேயே இருக்கட்டும்.

கடையில் சாம்பிள் துண்டை வாங்கி, மேசை விளிம்பில் வைத்து இழை வெளிப்பக்கம் இருக்க இறுக்கி மடியுங்கள். மடிப்பில் இழைகள் பிரிந்து அடித்துணி பல்லிளிக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் படிக்கு ஆகாது. அடர்த்தியாகப் பின்னியதில் மடிப்பிலும் இழை மட்டுமே தெரியும். அடுத்து கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். பள்ளம் உடனே எழும்பினால் நல்லது, அப்படியே கிடந்தால் சில மாதங்களில் படிமுனையும் அப்படித்தான் கிடக்கும்.

இழை நீளமாகவும் பொசபொசவென்றும் இருப்பது படிக்கு வேண்டாம். முனை எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியாமல் போய்விடும், சறுக்கும். குட்டையாக, முறுக்கி வெட்டிய இழையைக் கேளுங்கள். கடைக்காரர்கள் 'ட்விஸ்ட்' என்பார்கள். வளைய வளையமாக இருக்கும் லூப் வகை உழைக்கும்தான்; ஆனால் பூனை வளர்க்கிற வீட்டில் நகம் மாட்டி ஒரு இழை உருவினால் வரிசையாக உருவிக்கொண்டு வரும்.

நூல் எது? பிரிட்டனில் படிக்கென்று பலரும் கேட்பது 80/20. அதாவது 80 சதவீதம் கம்பளி, 20 சதவீதம் நைலான். கம்பளி அமுங்கினாலும் எழுந்து நிற்கும், நைலான் தேய்மானத்தைத் தாங்கும். விலை கூடுதல். பாலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை இழை மலிவு, கறை எளிதில் போகும், ஆனால் முனையில் சீக்கிரம் படுத்துவிடும். நம் வீடுகளுக்கு ஒரு விசேஷக் கணக்கு உண்டு: மஞ்சள். கம்பளிக்குச் சாயம் ஏற்றவே மஞ்சளைப் பயன்படுத்துவதுண்டு, அதனால் சாம்பார் சிந்தினால் வெளிர்நிறக் கம்பளி அதை விடாது. தட்டோடு மாடிக்கு ஏறுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் பாலிப்ரொப்பிலீன் பக்கம் போங்கள், அல்லது நிறத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக எடுங்கள்.

நிறத்தில் இரண்டு மூன்று சாயல் கலந்த கலவை நிறமே வசதி. தூசி, முடி, சின்னக் கறை எல்லாம் அதில் மறைந்துவிடும். ஒரே அடர்நிறத்தில் ஒவ்வொரு நூல்தூளும் தெரியும். கோடு போட்ட ரன்னர் படத்தில் பிரமாதமாக இருக்கும், ஆனால் ஒரு படியில் அரை சென்டிமீட்டர் விலகினாலும் கீழிருந்து பார்க்கும்போது கோணல் பளிச்சென்று தெரியும். முதல் தடவைக்கு அது வேண்டாம். பெரிய பூவும் கட்டமுமாக இருப்பதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குகிற வீட்டில் படியின் முனை தெளிவாகத் தெரிய வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு அந்த டிசைன் முனையை மறைத்துவிடும்.

லேபிளில் 'ஹெவி டொமெஸ்டிக்' (வீட்டில் நடமாட்டம் அதிகமான இடத்துக்கு) என்றும், படிக்கு ஏற்றது என்றும் இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பாருங்கள்.

அண்டர்லே

கார்பெட்டுக்கு அடியில் போடும் மெத்தை இது. மெத்தென்று இருக்கிறதே என்று தடித்ததை வாங்கிவிடாதீர்கள். படியில் தடித்த, இளகிய அண்டர்லே போட்டால் கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் கார்பெட் அமுங்கி இழுபடும், கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். 7 அல்லது 8 மி.மீ. தடிமனில், விரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்கிற அடர்த்தியான ரகம் போதும். பழைய அண்டர்லேயை அப்படியே வைத்துப் புதுக் கார்பெட் போடலாமே என்று தோன்றும். முனையில் அது ஏற்கெனவே நைந்திருக்கும், எடுத்துப் போட்டுவிடுங்கள்.

அளப்பது

ஒரு படியின் அடிமூலையில் டேப்பை வைத்து, நிற்கும் பலகைமேல் ஏற்றி, முனையைச் சுற்றி, மிதிக்கும் பலகை வழியாக அடுத்த மூலை வரை கொண்டுபோங்கள். உங்கள் டேப் வளையாது என்றால் ஒரு நூலைப் பிடித்து அளந்துகொள்ளலாம். பழைய வீட்டில் படிகள் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும், அதனால் நாலைந்து படியை அளந்து பெரிய அளவை எடுங்கள். அது 46 செ.மீ. என்றும் மொத்தம் 13 படி என்றும் வைத்துக்கொண்டால், 13 × 46 = 598 செ.மீ. இதோடு அரை மீட்டர் கூட்டி ஆறரை மீட்டர் வாங்குங்கள்.

அகலம் கண்ணுக்குப் பிடித்தபடி. 80 செ.மீ. அகலப் படியில் 60 செ.மீ. ரன்னர் போட்டால் இரு பக்கமும் 10 செ.மீ. மரம் தெரியும். பார்க்க நன்றாக இருக்கும்.

ரன்னரைத் தவிர கிரிப்பர் வேண்டும். கூரான சின்ன முள் வரிசைகள் உள்ள மெல்லிய மரப்பட்டி அது. கார்பெட்டைப் பிடித்துக்கொள்வது அந்த முட்கள்தான். ரன்னரைவிட 4 செ.மீ. குறைவாக வெட்ட வேண்டும், அதாவது 56 செ.மீ. அப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தால் பட்டி தெரியாது. 13 நிற்கும் பலகைக்கும் 12 மிதிக்கும் பலகைக்குமாக 25 துண்டு. ஒன்றரை மீட்டர் பட்டியில் இரண்டு துண்டு வரும், ஆகவே 13 பட்டி.

கருவிகளில் ஸ்டான்லி கத்தியும் நிறைய பிளேடும், சுத்தியல், ஸ்டேப்பிள் கன், தடித்த கையுறை சொந்தமாக இருக்கட்டும். முழங்காலால் உதைத்து கார்பெட்டை இழுக்கும் 'நீ கிக்கர்', மூலையில் திணிக்கும் மொண்ணையான அகல உளி (போல்ஸ்டர்) இரண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும்.

படியைத் தயார் செய்வது

பழையதைக் கையுறை போட்டுப் பிடுங்குங்கள், முகக்கவசமும் போடுங்கள். பல வருடத் தூசி கிளம்பும். மரத்தில் மிச்சமிருக்கும் ஸ்டேப்பிளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒன்றை விட்டாலும் அது ஒரு நாள் காலில் குத்தும்.

எல்லாம் எடுத்தபின் ஒவ்வொரு படியிலும் ஏறி நின்று எடையை முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். கிரீச்சிடும் படியில் மிதிபலகை வழியாக, கீழேயுள்ள நிற்கும் பலகைக்குள் இறங்கும்படி சின்னத் துளையிட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். தலை மரத்துக்குள் அமிழ வேண்டும். கார்பெட் போட்டபின் இந்தச் சத்தத்தைச் சரிசெய்வது கஷ்டம்.

தெரியப்போகும் ஓரங்களுக்குப் பெயின்ட் அடிப்பதும் இப்போதே. ஒரு எச்சரிக்கை: பழைய வீட்டுப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். பிரிட்டனில் ஈயப் பெயின்டின் பொது விற்பனை 1992 வரை முழுதாக நிற்கவில்லை. ஆகவே பழைய பூச்சை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் கண்டிப்பாகக் கூடாது.

ரன்னரை ஒரு நாள் முன்பே வீட்டுக்குள் விரித்து வையுங்கள். சுருளின் விறைப்பு போய்ப் படியும்.

கிரிப்பரும் அண்டர்லேயும்

ஒவ்வொரு படியிலும் நடுவை அளந்து, ரன்னரின் இரண்டு ஓரமும் வரும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். பிறகு கீழே போய் நின்று கண்ணாலேயே பாருங்கள். குறிகள் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்காது. டேப் ஒன்று சொல்லி கண் வேறொன்று சொன்னால் கண்ணை நம்புங்கள்.

ஒரு படிக்கு இரண்டு கிரிப்பர். ஒன்று மிதிபலகையில், பின்மூலையிலிருந்து 15 மி.மீ. தள்ளி. இன்னொன்று அந்த மூலைக்கு மேலே எழும் நிற்கும் பலகையில், 15 மி.மீ. உயரத்தில். இரண்டின் முட்களும் மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். இதை மாற்றி அடித்தால் கார்பெட் நிற்கவே நிற்காது, அதனால் அடிக்கும் முன் விரலை மெதுவாக ஓட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். இடைவெளிக்கு 15 மி.மீ. மரத்துண்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு படியிலும் அளக்க வேண்டாம். தரையை ஒட்டிய முதல் நிற்கும் பலகைக்கு அடியில் மிதிபலகை கிடையாது, அங்கே ஒரு கிரிப்பர் மட்டும், முள் தரையைப் பார்த்து.

அண்டர்லே கிரிப்பரின் மேல் ஏறக் கூடாது. அதை ஒட்டினாற்போல் தொடங்கி, முனையைச் சுற்றி 7 செ.மீ. கீழே இறங்கும் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டுங்கள். அகலம் கிரிப்பர் அளவேதான். பின்னால் ஒரு வரிசை ஸ்டேப்பிள். பிறகு முனைமேல் இறுக்கி இழுத்து அடியில் இன்னொரு வரிசை. முனையில் தொளதொளவென்று இருந்தால் பிரித்துத் திரும்ப அடியுங்கள்.

விரிப்பது

உள்ளங்கையால் கார்பெட்டைத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகப் போகும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். வழவழப்பான திசை மேலிருந்து கீழே வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் முனையில் இழை விரிந்து அடித்துணி தெரியும், சீக்கிரம் தேயும்.

நான் கீழிருந்து தொடங்குவேன். சுருளை மேலே யாராவது பிடித்துக்கொண்டால் எளிது. நுனியை முதல் நிற்கும் பலகையின் அடியில் கிரிப்பரில் அழுத்தி, மிச்சத்தை இடுக்கில் திணியுங்கள். பலகைமேல் ஏற்றி, முனையைச் சுற்றி, மிதிபலகையில் படியவிட்டு, இரண்டு ஓரமும் பென்சில் குறியில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது கிக்கரின் பற்களைப் பின்மூலைக்கு 5 செ.மீ. முன்னால் பதித்து, அதன் மெத்தையை முழங்காலுக்குச் சற்று மேலே உள்ள சதையால் உதையுங்கள். முழங்கால் சில்லால் உதைத்தால் மறுநாள் நடக்க முடியாது. முதலில் நடு, அப்புறம் இரண்டு பக்கம். முட்கள் கார்பெட்டைக் கவ்வுவது கைக்குத் தெரியும். உடனே போல்ஸ்டரை மூலையில் வைத்து, இரண்டு கிரிப்பருக்கும் நடுவே உள்ள இடுக்குக்குள் கார்பெட்டைத் தட்டித் திணியுங்கள்.

சரி, அடுத்த படிக்குப் போகும் முன் முனையில் உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இன்னொரு உதை. ஓரக்குறியையும் ஒவ்வொரு படியிலும் பார்க்க வேண்டும். சின்னக் கோணலை அதே படியில் திருத்திவிடலாம், நாலு படி தாண்டினால் நாலையும் பிரிக்க வேண்டியதுதான்.

மேல்தளத்தில் ஏற்கெனவே கார்பெட் இருந்தால் அது கடைசி முனையைச் சுற்றி இறங்கட்டும். ரன்னரை அதற்கு அடியில் முட்டவிட்டு வெட்டி ஸ்டேப்பிள் அடியுங்கள். மிஞ்சிய துண்டை எறியாதீர்கள், ஒரு படி கெட்டால் ஒட்டுப்போட அதே சாயத்தில் வேறெங்கும் கிடைக்காது.

பித்தளைக் கம்பிகள் வேண்டுமென்றால் இப்போது மாட்டலாம். இன்று அவை பெரும்பாலும் அழகுக்குத்தான். முன்பெல்லாம் கார்பெட்டைப் பிடித்ததே அந்தக் கம்பிகள். நீளம் கொஞ்சம் அதிகமாக வாங்கி, மிச்சத்தை மேல் அல்லது கீழ்க் கடைசிப் படியில் கார்பெட்டுக்கு அடியில் மடித்து வைத்து, அவ்வப்போது கம்பியைக் கழற்றிக் கார்பெட்டைச் சற்று நகர்த்துவார்கள். தேய்ந்த இடம் முனையை விட்டு விலகிவிடும்.

முதல் சில வாரம் கம்பளி பஞ்சு பஞ்சாக உதிரும், வாக்யூம் கிளீனரால் மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். இழை ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் கத்தரியால் மட்டமாக வெட்டுங்கள். ஒரு மாதம் கழித்து எல்லா முனையையும் மறுபடி காலால் தள்ளிப் பாருங்கள். தளர்ந்த படியை மட்டும் கிக்கரால் உதைத்து, இடுக்கில் திணித்தால் போதும்.