திங்கட்கிழமை மட்டும் ஏறிய எடை

மண்டபம் கடற்கரையில் தினமும் காலை 40 நிமிடம் நடந்தேன். மூன்று வாரமாகியும் எடை 84 கிலோவிலேயே நின்றது. அது போதாதென்று ஒவ்வொரு திங்களும் ஒரு கிலோ கூடுதலாக வேறு காட்டியது.

முதலில் மெஷின் மேல்தான் சந்தேகம். பேட்டரி மாற்றினேன், பாயிலிருந்து எடுத்துச் சிமெண்ட் தரையில் வைத்தேன். பலனில்லை. இரவுச் சாப்பாட்டை விட்டேன். காலையில் நாலு இட்லி ஏழானது. அடுத்து ஓட்டம். சரிவான ஈர மணலில் ஓடியதில் முழங்கால் பிடித்துக்கொண்டு, நாலு நாள் நடையும் போச்சு.

அப்புறம்தான் எடைக்குப் பக்கத்தில் சாப்பிட்டதையும் எழுதிவைத்தேன். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும். திங்களன்று ஏறியது அந்தத் தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரே ராத்திரியில் ஆகிற காரியமா அது?

அதனால் தினமும் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிட்டேன். சராசரியும் இறங்கவில்லை என்பது வேறு விஷயம். அதற்குக் காரணமும் நோட்டிலேயே இருந்தது: நடை முடிந்ததும் இரண்டு கிளாஸ் கருப்பட்டிக் காபி, கூட இரண்டு வடை. கருப்பட்டி நல்லது என்று நினைத்து அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கலோரிக்கு அதுவும் சர்க்கரைதான்.

காபியை ஒரு கிளாஸாக்கி, வடையை நிறுத்தினேன். மதியம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, மீன் ஒரு துண்டு கூட்டினேன். ஓட்டம் வேண்டாம், நடைதான். ஆறு வாரத்தில் சராசரி 82-க்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கருவாடு தொடர்கிறது.