ஃபைண்ட் கட்டளையில் டெலீட்டை எங்கே வைக்கிறீர்கள்?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள், ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்களும் சேர்த்துத்தான், லினக்ஸ் சர்வரைத் தொட்டதும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஃபோல்டர் பெயரைத் தப்பாக அடிப்பதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

லொகேட் சொன்னால் ஃபைல் இருக்கிறது என்று நம்புவது

ஃபைல் தேடும் கட்டளையான லொகேட் டிஸ்க்கைத் தேடுவதில்லை, முன்பே எடுத்து வைத்த பட்டியலைத்தான் பார்க்கிறது. அந்தப் பட்டியல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். காலையில் உருவாக்கிய ஃபைல் அதில் இருக்காது, காலையில் அழித்தது இன்னும் இருக்கும்.

டெலீட்டை முன்னால் எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. டிஸ்க் நிறைந்துபோன ஒரு சர்வரில் பழைய லாக் ஃபைல்களை மட்டும் அழிக்கும்படி புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரிடம் சொல்லியிருந்தார்கள். ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளை, ஃபோல்டரின் பாதை, அடுத்து டெலீட், அதற்கும் பின்னால் எந்தப் பெயர் என்று சொல்லும் நேம் என்று எழுதி என்டர் தட்டிவிட்டார். "அண்ணா, லாக் மட்டும்தானே கேட்டேன், எல்லாமே போயிடுச்சு" என்று வந்து நின்றபோது முகம் வெளுத்திருந்தது. பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்க விடிந்துவிட்டது.

ஃபைண்ட் ஒவ்வொரு ஃபைலையும் எடுத்து, நீங்கள் எழுதியதை இடமிருந்து வலமாகச் செய்துகொண்டே போகும். டெலீட் முதலில் இருந்தால் முதலில் அழித்துவிட்டுத்தான் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கும். மற்ற கட்டளைகளில் ஆப்ஷன்களைப் பெரும்பாலும் எந்த வரிசையில் கொடுத்தாலும் ஓடிவிடுவதால் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டளையின் கையேடான மேன் பக்கத்திலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் யாரும் படிப்பதில்லை.

இரண்டு பெயர்களை 'அல்லது' என்று பொருள்படும் 'ஓ' போட்டு இணைத்துக் கடைசியில் டெலீட் வைத்தாலும் சிக்கல்தான். அது இரண்டாவது பெயரோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும், முதல் வகை ஃபைல்கள் அப்படியே கிடக்கும். இரண்டு பெயர்களையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், நீங்கள் அடிக்கும் கட்டளையை முதலில் வாசிக்கும் ஷெல் அந்தக் குறிகளைத் தின்றுவிடாமல் முன்னால் பின்சாய்வுக் கோடும் வேண்டும்.

அதனால் முதலில் டெலீட்டுக்குப் பதில் பிரிண்ட் போட்டு ஓட்டுங்கள். கூடவே ஃபோல்டருக்கு முன்பு அதன் உள்ளே இருப்பதை எடுக்கச் சொல்லும் டெப்த்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டெலீட் அதைத் தானாகவே இயக்கிவிடும், அப்போது ஒரு ஃபோல்டரை ஒதுக்க நீங்கள் போட்ட பிரூன் வேலை செய்யாது. வருகிற பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்த்து, அப்புறம் பிரிண்ட்டை மட்டும் டெலீட்டாக மாற்றுங்கள். குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இங்கே கிடையாது.

நட்சத்திரக் குறிக்கு மேற்கோள் போடாதது

போடுங்கள். இல்லாவிட்டால் ஃபைண்ட் பார்ப்பதற்கு முன்பே ஷெல் அதைப் பொருந்துகிற ஃபைல் பெயர்களாக விரித்துவிடும்.

இடைவெளி உள்ள பெயர்கள்

ஃபைண்ட் தரும் பெயர்களை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸார்க்ஸுக்கு அனுப்பும்போது ஒரு பெயர் இரண்டாக உடையும். ஃபைண்டில் பிரிண்ட்0, எக்ஸார்க்ஸில் சைபர் ஆப்ஷன் போடுங்கள்.

எம்டைம் பிளஸ் 7

எம்டைம் என்பது ஃபைல் கடைசியாக மாறிய நேரம், பிளஸ் 7 என்றால் ஏழு நாளைத் தாண்டியது என்று நினைப்பீர்கள். அது முழு 24 மணி நேரங்களைத்தான் எண்ணும், மிச்சத்தைக் கணக்கில் எடுக்காது. எட்டு நாள் முடிந்த ஃபைல்தான் அகப்படும்.

அழித்தும் இடம் வரவில்லையா?

ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கலாம். திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் போட்டால் எது என்று தெரியும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும், வேறு ஃபைல்களைத் தேடி அழிக்க வேண்டியதில்லை.