மனநல சுயஉதவிக் குழுக்களை ஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் தருமபுரியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் வந்துவிட்டதால், அம்மாபேட்டையிலோ ஏற்காட்டிலோ ‘சுயஉதவிக் குழு’ என்றதும் கேட்பவர் மனத்தில் எழுவது சேமிப்பும் வங்கிக் கடனும்தான். ‘குழுவில் இருக்கிறீர்களா?’ என்ற வினாவுக்கு ஒரு பெண் ‘பத்து வருஷமா கட்டிட்டு வரேனே’ என்று விடையளித்தால், அவர் பேசுவது சந்தாவைப் பற்றி. ஒரே வகையான மனநலச் சிக்கலை அனுபவித்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டம் என்று வினாத்தாளிலேயே விரித்து எழுதிவிடுவது நல்லது.

மருத்துவரோ சமூகப் பணியாளரோ நடத்தும் குழு சிகிச்சையையும் இதனோடு சேர்த்து எண்ணக் கூடாது. 1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் உருவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள விரும்பியவர்களே நடத்திக்கொண்ட அமைப்பு. 1937-இல் சிகாகோவில் ஆபிரகாம் லோ என்ற மனநல மருத்துவர் தொடங்கிய குழுவும் பின்னாளில் உறுப்பினர்கள் கைக்கே போனது. ஆகவே, தொடங்கியவர் யார் என்பதைவிட இன்று முடிவெடுப்பவர் யார் என்று கேட்பதே பொருத்தம்.

ஆய்வைப் பெரிதும் கெடுப்பது வருகைக் கணக்கு. ஓராண்டு தொடர்ந்து வந்தவர்கள் நலமாக இருக்கிறார்கள், எனவே குழு பலன் தந்தது என்று எழுதிவிடுகிறார்கள். நலமாக இருந்ததால்தான் அவர்களால் தொடர்ந்து வர முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நின்றுபோனவர்களின் கதையோ பல வகைப்படும். சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருவது எளிதன்று. விசைத்தறியில் இரவு ஷிப்ட் மாறினால் சேலத்து உறுப்பினரும் காணாமல் போவார். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் பாதி நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும். இவர்கள் அனைவரையும் ‘இடைநின்றவர்’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்தால், அறுவடைக் காலத்தை நோயின் தீவிரம் என்று படித்துவிடுவோம்.

குடிநோய் தொடர்பாக 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) மீளாய்வைக் காட்டி, எல்லா மனநலக் குழுக்களும் பயன் தருபவை என்று வாதிடுவதும் பிழையே. அதன் முடிவு குடிநோய்க்கு உரியது. மனச்சிதைவுக்கு அதை அப்படியே பொருத்த இயலாது.

அளவீட்டில் நோய்க்குறிகளை மட்டும் எண்ணுவது இன்னொரு குறை. பிறருக்கு உதவுபவரே அதனால் பயனடைகிறார் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965-லேயே எடுத்துரைத்தார். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டும் கேட்கும், மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 வினாநிரலில், புதிதாக வந்தவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டுத் தேநீர் கொடுத்தவரின் மாற்றம் பதிவாகாது.

ரகசியத்தைப் பெயர் மாற்றத்தோடு முடித்துக்கொள்வதைத்தான் நான் மன்னிக்க முடியாத தவறாகக் கருதுகிறேன். மலைக்கிராமத்தில் ‘காபித் தோட்ட மேஸ்திரி, 45 வயது, இரண்டு பெண் பிள்ளைகள்’ என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். குடும்பத்தாரின் ஒப்புதல் உறுப்பினரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வரைவை அனுப்பும் முன் இரண்டு பக்கச் சுருக்கமாகத் தமிழில் எழுதிக் குழுவில் வாசித்துக் காட்டலாம், ‘இது நான்தானே?’ என்று யாரேனும் நிமிர்ந்து பார்த்தால், அந்த வரியை நீக்கிவிட வேண்டும்.